பழைய புல்லட் இன்ஜினில் புதுச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நேற்று வரைக்கும் இல்லாத சத்தம் இன்றைக்கு வருகிறது. என்னவாக இருக்கும்?" இருபது வருடமாக 1992 மாடல் ஒன்றை ஓட்டுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்த வண்டியில் வரக்கூடிய சத்தம் ஏறக்குறைய எல்லாமே ஒருமுறையாவது வந்து போய்விட்டது. அதிலிருந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்த புல்லட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் செய்யப்பட்ட அதே வடிவம். 346 சிசி, 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரண்டையும் இடது பக்கத்தில் ஒரு பிரைமரி செயின் இணைக்கும். வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட், பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தை வைக்கும் பாயிண்ட் செட், கிக் அடிக்கச் சுலபமாகச் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் எல்லாம் உண்டு. பிறகு வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக இருக்கும் வண்டிகளுக்கு இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தாது. அவற்றில் சிலவற்றில் டேப்பட் வைக்கும், அதாவது வால்வை இயக்கும் பாகங்களின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலையே கிடையாது.

புல்லட் என்றாலே சத்தம்தானே? எது இயல்பு, எது கோளாறு?

இயல்பான சத்தம் நிறைய உண்டு. டேப்பட் பக்கமிருந்து மெல்லிய டிக் டிக், வலது பக்க டைமிங் கவருக்குள் பல்சக்கரங்களின் சலசலப்பு, ஐடிலிங்கில் பிரைமரி செயினின் லேசான கலகல. இவை மூன்றும் சேர்ந்துதான் அந்த இன்ஜினின் குரல். புதிதாக ஒன்று சேர்ந்தாலோ, பழையது ஒன்று திடீரென்று நின்றாலோதான் கவனிக்க வேண்டும். சத்தம் நிற்பதும் அறிகுறிதான். டேப்பட் சத்தம் சுத்தமாக இல்லாத புல்லட்டைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் போகும் முன் நான் எதையெல்லாம் கவனித்து வைக்க வேண்டும்?

முதலில், சத்தம் எப்போது வருகிறது? காலையில் முதல் கிக்கிலேயே வருகிறதா, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகா? நின்றபடி ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் வருகிறதா, மேடு ஏறும்போது மட்டுமா? முறுக்கும்போதா, விடும்போதா? கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா?

அடுத்து, சத்தத்தின் வேகம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு தொடர்பான பாகங்கள் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறைதான் வேலை செய்யும். சைலன்சரில் ஒரு 'டப்' வருவதும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆகவே ஒவ்வொரு டப்புக்கும் ஒரு டிக் வந்தால் வால்வுப் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு டப்புக்கும் இரண்டு அடி கேட்டால் கிராங்க்கோடு சுற்றும் ஏதோ ஒன்று: பிஸ்டன், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட், இடது பக்கம் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ரோட்டர். புல்லட் மெதுவாக ஐடிலிங் ஆகும் வண்டி என்பதால் காதாலேயே எண்ணிவிடலாம். ஆனால் பிஸ்டன் அடியில் வெடிப்பு நேரத்து அடி மட்டும் உரக்கக் கேட்டு, மற்றது அமுங்கிப்போவதும் உண்டு. அதனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

கடைசியாக, வண்டியில் சமீபத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்? இதைச் சொல்லப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போன வாரம் இடது பக்கக் கவரைக் கழற்றி கிளட்ச் பிளேட் மாற்றியிருந்து, இந்த வாரம் சத்தம் வந்தால் தேட வேண்டிய இடம் பாதி முடிவாகிவிட்டது.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார்களே, அதில் உண்மையிலேயே ஏதாவது தெரியுமா?

தெரியும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் அழுத்திவைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். காதின் துளைக்குள் வேண்டாம். ராக்கர் பாக்ஸ் (ஹெட்டின் மேல், வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் இருக்கும் பெட்டி), டேப்பட் கவர், டைமிங் கவர், இடது பக்க பிரைமரி கவர், சிலிண்டரின் நடுப்பகுதி, கிராங்க்கேஸ் என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். சத்தம் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ, கோளாறு அதற்குப் பக்கத்தில்.

இன்ஜினின் உலோகம் சத்தத்தைக் கடத்தும். ஓரிடத்து அடி இன்னோரிடத்திலும் கேட்கும். அதனால் ஒரே இடத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு இடங்களை ஒப்பிட்டு எது பெரிது என்றுதான் பார்க்க வேண்டும். வேட்டி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் செயின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள்; புகை ஆளைக் கொன்றுவிடும்.

டேப்பட் சத்தம் அதிகமாக இருக்கிறது. நானே சரிசெய்யலாமா?

செய்யலாம். இந்த இன்ஜினில் சொந்தமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலையே இதுதான். வலது பக்கம் சிலிண்டரின் அடியில் ஒரு சின்னக் கவர் இருக்கும். ஒரு நட்டைக் கழற்றினால் வந்துவிடும். உள்ளே இரண்டு புஷ்ராட்களின் அடிப்பாகமும் அட்ஜஸ்டரும் தெரியும்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் செய்வது உத்தமம். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். இன்லெட் புஷ்ராட் ஏறி இறங்கிய பிறகு பிஸ்டன் மேலே வரும் இடம்தான் கம்ப்ரஷன் டாப். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். அப்போது புஷ்ராடை இரண்டு விரலால் திருகினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு, கேஜ் தேவையில்லை.

லாக் நட்டை இறுக்கும்போது வைத்த அளவு மாறிவிடும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி திருகிப் பாருங்கள். முதல் தடவை எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இப்போது பதினைந்து நிமிடம்.

சத்தம் அறவே கேட்கக் கூடாது என்று ஆசைப்பட்டு இறுக்கி வைப்பதுதான் நடக்கக்கூடிய பெரிய தவறு. சூட்டில் பாகங்கள் விரியும்போது வால்வு முழுதாக மூடாமல் போகும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைக் கழிப்பதே சீட்டில் உட்காரும்போதுதான். உட்கார முடியாவிட்டால் எரிந்துவிடும். சத்தமே இல்லாத டேப்பட்டைப் பார்த்தால் பயம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

டேப்பட் சரியாக வைத்தும் டிக் டிக் போகவில்லையே?

அப்படியானால் அது டேப்பட்டாக இல்லாமல் புகைக் கசிவாக இருக்கலாம். பெண்ட் பைப் (சைலன்சருக்குப் போகும் வளைந்த புகைக் குழாய்) ஹெட்டில் சேரும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் ஒவ்வொரு வெடிப்புக்கும் 'ட்ஸ்க்' என்று ஒரு சத்தம் வரும். டேப்பட் என்றே தோன்றும். அந்த இடத்தைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டீகம்ப்ரஷரையும் பாருங்கள். அதன் கேபிள் இழுத்துக் கட்டியதுபோல் இருந்தால் அந்தச் சின்ன வால்வு முழுதாக மூடாமல் 'உஸ் உஸ்' என்று கசியும். லிவரில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். பிளக் சரியாக இறுகாமல் இருந்தாலும் இதே கதை. இந்த மூன்றையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம், செலவும் இல்லை.

காலையில் 'டொக் டொக்' என்று அடிக்கிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது.

பிஸ்டன் அடி. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி கூடிவிட்டால் பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் மோதும். சூடாகி பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் மங்கும். உறுதி செய்ய ஒரு பழைய வழி: பிளக் ஓட்டையில் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, சில தடவை கிக் அடித்துப் பரவவிட்டு, பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். புகை தள்ளும், பயப்படாதீர்கள். அந்தப் புகை நேரத்தில் சத்தம் குறைந்து, பிறகு திரும்பி வந்தால் பிஸ்டன்தான்.

லேசான காலை அடியோடு பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். சூடான பிறகும் அடித்து, நீலப் புகையும் வந்து, ஆயிலும் குறைந்தால் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"கிராங்க் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் இடது பக்கக் கவரைத் திறந்து பார்க்காமல் சொல்லியிருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் ஐடிலிங்கில் 'லொட் லொட்' என்று கனமான அடி. ஆக்சிலேட்டர் விடும்போது இன்னும் மோசம். நான் போன பட்டறையில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்க்கில் சேரும் கீழ் முனை, போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். இன்ஜினை இறக்க வேண்டும், கிராங்க்கைப் பிரித்து ராட் மாற்ற வேண்டும், அதோடு போரும் போட்டுவிடலாம் என்று பெரிய பட்டியல். என்னிடம் அப்போது பணமில்லை, அதுதான் வண்டியைக் காப்பாற்றியது. ஒரு மாதம் கழித்து திருச்சியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கேட்டுவிட்டு, "இறக்குறது கடைசி தம்பி, முதல்ல லெஃப்ட் கவரைத் திறப்போம்" என்றார். நடுவில் இருக்கும் ஒரே நட்டைக் கழற்றிக் கவரை எடுத்தார். ஆல்டர்னேட்டர் ரோட்டரைக் கையால் பிடித்து ஆட்டினார், ஆடியது. கிராங்க் முனையில் நட்டு தளர்ந்து, ரோட்டரைக் கிராங்க்கோடு பூட்டி வைக்கும் கீ தேய்ந்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் ரோட்டர் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டிருந்தது. புது கீ, புது வாஷர், நட்டை முறையாக இறுக்கி மூடினார். சத்தம் போன இடம் தெரியவில்லை.

அந்த ரோட்டர் கனமான பொருள், கிராங்க்கிலேயே மாட்டியிருக்கிறது. அது இடித்தால் பிக் எண்ட் அடிப்பது போலவே கேட்கும். காதால் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கஷ்டம். இதே கவருக்குள் இன்ஜின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் சென்டர் நட்டு, தளர்ந்த பிரைமரி செயின் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிராங்க் போலப் பாசாங்கு செய்யும். கவரில் இருக்கும் பார்வைத் துளை வழியே செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 6 மி.மீ. ஆட்டம் சரி. அதைவிட நிறைய ஆடினால் அடியில் இருக்கும் டென்ஷனரை ஏற்ற வேண்டும்.

இன்ஜினைச் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் மறக்காதீர்கள். ஒன்று தளர்ந்தால் முழு வண்டியும் சேர்ந்து 'தொம் தொம்' என்று அதிரும். ஸ்பேனர் போட்டு இறுக்க ஐந்து நிமிடம்.

சரி, உண்மையிலேயே பிக் எண்ட் என்றால் எப்படித் தெரியும்?

அடி கனமாக, கீழிருந்து வரும். சூடாகி ஆயில் இளகியதும் கூடும். பிஸ்டன் அடிக்கு நேர் எதிர். மிதமான வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து மூடும் இடத்தில் தெளிவாகக் கேட்கும். இடது பக்கம் முழுதும் பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகும் அடித்தால், ஹெட்டையும் பாரலையும் (சிலிண்டர்) கழற்றி கனெக்டிங் ராடைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. கிராங்க்கை டாப்பில் நிறுத்தி ராடை மேலே தூக்கிக் கீழே அழுத்தினால் துளி ஆட்டம்கூடக் கையில் தட்டக் கூடாது. பாரலைக் கழற்ற இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தை உங்கள் கையிலேயே காட்டச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

கேஜன் பின் பக்கம், அதாவது ராடின் மேல் முனையில், தேய்ந்தால் அடி மெல்லியதாக, இரட்டை இரட்டையாக 'டக்-டக்' என்று கேட்கும்.

ஆயிலில் என்ன பார்க்க வேண்டும்?

நிறைய. பிக் எண்ட் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆயில் போய்ச் சேராததுதான்.

அளவைப் பார்ப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. இந்த இன்ஜினில் ஆயில் தனி அறையில் இருந்து பம்பால் சுற்றி வரும். வண்டி பல நாள் நின்றால் அந்த அறையிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது ஸ்டிக்கை இழுத்தால் காலியாகத் தெரியும். ஊற்றினால் அதிகமாகி, பிரீதர் (இன்ஜினுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியே வெளியே தள்ளும். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, பிறகு அளவு பாருங்கள்.

ராக்கருக்கு ஆயில் வருகிறதா என்று பார்க்க, ஐடிலிங்கில் ராக்கர் பாக்ஸுக்குப் போகும் பைப்பின் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் கசிய வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆனால் வந்தால் எல்லாம் நலம் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இன்ஜினில் இரண்டு பம்ப்; ராக்கருக்குப் போகும் வழி வேறு, பிக் எண்டுக்குப் போகும் வழி வேறு. இரண்டையும் ஓட்டுவது கிராங்க் முனையில் இருக்கும் ஒரு வார்ம் பல் (திருகு போன்ற பல்சக்கரம்). அது மழுங்கினால் பம்ப் நின்றுவிடும். எச்சரிக்க விளக்கும் கிடையாது. முகப்பில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் கரண்டை மட்டும்தான் காட்டும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் செதில்கள் மின்னினால் ஏதோ ஒரு பாகம் கரைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ புஷ்ஷோ.

கிளட்ச் பிடித்தால் சத்தம் மாறுகிறது.

நல்ல செய்தி, அநேகமாக இன்ஜின் தப்பித்தது. நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்ச் பிடித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங் பக்கம் பாருங்கள். பிடித்ததும் புதிதாக வந்தால் கிளட்ச். மாறவே இல்லை என்றால் இன்ஜினும் பிரைமரி செயினும்தான் மிச்சம்.

மேடு ஏறும்போது மட்டும் கிணுகிணு என்கிறது.

தகர டப்பாவில் அரிசியைப் போட்டு ஆட்டுவது போலக் கேட்டால் அது தேய்மானம் இல்லை. நெருப்பு சீக்கிரம் பிடிக்கிறது, அதாவது டைமிங் முன்னால் போய்விட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டாப் கியரிலேயே இழுத்தால் சரியாக இருக்கும் வண்டியும் முனகும். கியரைக் குறைத்தும் வந்தால் பாயிண்ட் இடைவெளியைப் பாருங்கள், 0.35 முதல் 0.40 மி.மீ. வேண்டும். அந்த இடைவெளி மாறினாலே டைமிங்கும் மாறும். பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருக்கும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் இளகியிருந்தாலும், எடைகள் துருப்பிடித்து விரிந்தபடியே சிக்கியிருந்தாலும் இது வரும். இதை அலட்சியப்படுத்தி மாதக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டனின் தலை அரிக்கும்.

வலது பக்கக் கவரில் கடகட என்கிறது. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில் சீராகச் சுற்றாது. தள்ளித் தள்ளிச் சுற்றும். அதனால் டைமிங் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். வேகம் ஏறியதும் அடங்கினால் விட்டுவிடலாம். வேகத்தோடு சேர்ந்து ஊளையிட்டால் பற்கள் மிக நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன, அதைப் பார்க்க வேண்டும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

குறையும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கோளாறு அப்படியே இருக்க, அது இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் மட்டும் அடங்கிவிடும். 20 டபிள்யூ 50 தர ஆயில் போதும். பழைய வண்டி வாங்கப் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள்: விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

போனில் பதிவு செய்து அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுதான். போன் தானாகவே பெரிய சத்தத்தைக் குறைத்து, சின்ன சத்தத்தைக் கூட்டிவிடும். டேப்பட் டிக்கும் பிக் எண்ட் அடியும் ஒரே அளவில் கேட்கும். அனுப்புவதானால் குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள்.

எந்தச் சத்தம் வந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்த வேண்டும்?

கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும் கனமான அடி. ஓடும்போது 'கிரீச்' என்று இழுத்து வேகம் தானாகக் குறைவது; இது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிப்பதற்கு முந்திய நொடி, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். இடது கவருக்குள் உலோகம் உரசும் சத்தம். செயின் அறுந்தால் கவரையே உடைத்துவிடும். இந்த மூன்றுக்கும் டாடா ஏஸ் பிடித்து வண்டியை ஏற்றி வருவதுதான் மலிவு. டேப்பட், புகைக் கசிவு, காலை நேரத்துப் பிஸ்டன் அடி ஆகியவற்றோடு நிதானமாக வீடு வந்து சேரலாம்.

போர் போட்டு வந்த பிறகும் ஏதோ சத்தம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவா?

முதல் 500 கிலோமீட்டர் பொறுங்கள். வேகம் 50-ஐத் தாண்டாமல், மேட்டில் இழுக்கவிடாமல், அவ்வப்போது நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். கேஸ்கெட் அமுங்குவதால் டேப்பட் அளவு மாறும். அந்த 500 முடிந்ததும் ஹெட் நட்டுகளை இறுக்கி, டேப்பட்டை மறுபடி வைத்து, ஆயிலையும் மாற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் சூட்டில் டொக் டொக் இருந்தால் திருப்பிக் கொண்டுபோய், பாரலைக் கழற்றிப் பிஸ்டன் இடைவெளியை உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.